மரத்தை இறக்கும் தொழில்: பேசின் பிரிட்ஜ் வட்டாரத்து அனுபவப் பாடங்கள்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்படும் தண்டவாளங்கள் கிளை பிரியும் பேசின் பிரிட்ஜ் சந்திப்பையும், அதன் அருகே செல்லும் பக்கிங்காம் கால்வாயையும், சுற்றிலும் நெருங்கிக் கிடக்கும் வால்டாக்ஸ் சாலை, கொண்டித்தோப்பு, மூலக்கொத்தளம், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளையும் ஒருசேர நோக்கினால், இவ்வட்டாரத்தில் ஒரு மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு வேண்டிய வெற்றிடம் அநேகமாக எங்கும் இல்லை என்பது விளங்கும். தோப்பிலோ வரப்பிலோ நிற்கும் மரத்தை அடியில் அறுத்து ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம். இங்கோ சுவர், கூரை, மின்கம்பி, தண்டவாளம், நிறுத்திவைத்த வண்டி என நான்கு பக்கமும் ஏதேனும் ஒன்று குறுக்கிடுவதால், உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டித் தரைக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கு மரம் அகற்றும் சிறுதொழில் நடத்துவோரின் நேரத்தையும் பணத்தையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இறக்கும் வேலையும், இறக்கியதை அப்புறப்படுத்தும் வேலையுமே ஆகும். இதை உணராமல் மரத்தை அண்ணாந்து பார்த்து உயரத்துக்கு விலை சொல்லும் புதியவர்கள் முதல் மழைக்காலத்திலேயே கையைச் சுட்டுக்கொள்வது வழக்கம்.

மரங்களின் நிலையும் வேலையைக் கடினமாக்குகிறது. கால்வாயை அடுத்த தாழ்நிலத்தில் நிலத்தடி நீர் மேல்மட்டத்திலேயே நிற்பதால் வேர்கள் ஆழம் செல்லாமல் பக்கவாட்டில் பரவ முற்படுகின்றன. அப்படிப் பரவுகிற வேரை ஒருபுறம் மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவர் தடுக்க, மறுபுறம் குடிநீர்க் குழாய்க்காகவும் புதைவடத்துக்காகவும், அதாவது மண்ணுக்கடியில் செல்லும் மின்கம்பிக்காகவும், தோண்டிய பள்ளங்கள் அறுத்துவிடுகின்றன. தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிளைப்பரப்பு மிக அதிகம். குல்மோகரும் பெருங்கொன்றையும் காற்றில் எளிதாகக் கிளை முறிபவை. முருங்கையில் ஏறுவதற்குப் பழகிய கையாட்கள் கூட இசையமாட்டார்கள், ஏணியும் துறட்டியுமே அதற்குக் கருவிகள். பூவரசும் வேம்பும் புங்கையும் ஒப்பீட்டளவில் வளைந்து கொடுப்பவை. வர்தா புயலுக்குப் பின்பு அயல்நாட்டு மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்ற பேச்சு பரவலாக எழுந்ததும் இக்குணங்களை வைத்தே. அதில் பாதி உண்மை உண்டு. எனினும் சாலையோரங்களில் மிகுதியாக நடப்பட்டு முதிர்ந்திருந்தவையும் அந்த அயல்மரங்களே என்பதையும், வேருக்கு இடமில்லாத வேம்பும் அன்று சாய்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ளாத முடிவு அது.

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த அப்புயல் இத்தொழிலுக்குத் தந்த பாடம் வேறொன்று. புயலின் கண், அதாவது சுழலின் நடுவே காற்று அடங்கியிருக்கும் பகுதி, சென்னை நகரத்தின் மீதே நகர்ந்து சென்றதால், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஒரு திசையிலிருந்து வீசிய காற்று சிறிது நேரம் ஓய்ந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து திரும்ப வீசியது. முதற்காற்றில் ஒரு பக்க வேர் இற்றுப்போன மரம் மறுகாற்றில் விழுந்தது. மறுகாற்றிலும் விழாமல் நின்ற மரங்களில் பலவற்றுக்கு இரு பக்க வேரும் தளர்ந்திருக்கக்கூடும். புயலில் தப்பி நிற்கும் மரத்தைப் பாதுகாப்பானது என்று எண்ணி அதில் ஆளை ஏற்றுவது பெருந்தவறு. அடிமரத்தைச் சுற்றி மண்ணில் பிறை வடிவ வெடிப்பு இருக்கிறதா, ஒரு பக்க மண் மேடிட்டிருக்கிறதா, அண்மையில் வடிகால் தோண்டியிருக்கிறார்களா, அடியில் தட்டுப்போல் காளான் முளைத்திருக்கிறதா, கோடரியின் பின்புறத்தால் தட்டினால் பொள்ளல் ஓசை எழுகிறதா என்பவற்றைப் பார்த்த பிறகே ஏறுவதா, கிரேன் வைப்பதா என முடிவு செய்தல் வேண்டும். அந்தக் காளான் அழகுக்கு முளைப்பதன்று. உள்ளே மரம் மட்கிவிட்டது என்பதற்கு அது வெளியே தெரியும் அடையாளம். தென்னையில் இதே இனப் பூஞ்சையால் வரும் நோயே, 1952ஆம் ஆண்டுப் புயலை அடுத்துத் தஞ்சை மாவட்டத்தில் பரவியதால், தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்றது.

விலை பேசுவதற்கு முன் செய்யும் பார்வையிடல் மரத்தடியில் தொடங்கக்கூடாது. தெருமுனையில் தொடங்க வேண்டும். லாரி உள்ளே வருமா, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி மட்டுமே நுழையுமா, அதுவும் முடியாமல் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றித் தெருமுனைவரை தள்ள வேண்டுமா என்பதிலேயே கூலியின் பெரும்பகுதி நிர்ணயமாகிறது. சௌகார்பேட்டை, மின்ட் தெருப் பக்கம் வார நாட்களில் மதியத்துக்குப் பிறகு ஒரு வண்டியை அரை மணி நேரம் நிறுத்துவதும் கடினம் என்பதால், அங்கே ஞாயிறு விடியற்காலையே வேலை நேரம். பரபரப்பான நேரங்களில் சரக்கு வண்டிகளுக்கு உள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையை அடைத்துக்கொள்ளும் நேரங்களையும் அறியாதவர் திருவொற்றியூர் வேலைக்கு ஒரு நாள் கூலி கணக்கிட்டு இரண்டு நாள் கொடுப்பார்.

எடைக் கணக்கு அடுத்தது. மரவாடிகளில், அதாவது மரம் விற்கும் கடைகளில், உருட்டு மரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, கிடைத்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கும் கால்சுற்றளவு முறையில் கன அடி கணக்கிடுகிறார்கள். நான்கு அடி சுற்றளவும் பத்து அடி நீளமும் உள்ள துண்டு இம்முறையில் 10 கன அடி. அதன் உண்மையான பருமனோ 12.7 கன அடிக்கு மேல் வருகிறது, ஏனெனில் அறுப்பில் வீணாகும் புறப்பகுதியை இம்முறை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. விற்கும்போது இக்கணக்கை ஏற்கலாம், இறக்கும்போது ஏற்கலாகாது. பச்சை மரத்தின் எடை பல இனங்களில் நீரின் எடையை நெருங்குகிறது. ஒரு கன அடி நீர் 28 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால், கன அடிக்கு 25 கிலோ என வைத்தாலும் மேற்கண்ட துண்டு 300 கிலோவைத் தாண்டிவிடும். மரவாடிக் கணக்கில் 250 கிலோ என நினைத்துக் கயிற்றைத் தேர்ந்தவர், அதிலும் அத்துண்டு சில அடி விழுந்து வெடுக்கெனக் கயிற்றில் நிற்கும்போது விசை எடையைப் போல் பல மடங்காகும் என்பதை மறந்தவர், கீழே நிற்பவரின் உயிரோடு விளையாடுகிறார். சந்தேகம் வந்தால் துண்டைப் பாதியாக்குவதே விதி. ஐந்து அடித் துண்டுகளாக இறக்குவதில் அரை நாள் கூடுதலாகும். அந்த அரை நாளை விலையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இறக்கும் முறையில் சில நுட்பங்கள் பிடிவாதமாகப் பின்பற்றத்தக்கவை. கனத்த கிளையை ஒரே மேல்வெட்டில் அறுத்தால், முழுதும் அறுபடுமுன் அதன் எடை இழுத்து, அடிப்பக்கப் பட்டையைத் தாய்மரம்வரை உரித்துக்கொண்டு விழும். எனவே அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் முதல் வெட்டும், அதற்குச் சற்று வெளியே மேற்பக்கத்தில் இரண்டாம் வெட்டும் இட்டுப் பாரத்தைக் கழித்தபின், எஞ்சிய குட்டையை மூன்றாம் வெட்டில் எடுக்க வேண்டும்; மரத்தை உயிரோடு வைத்துக் கிளை கழிக்கும் வேலையானால் அந்த மூன்றாம் வெட்டு, கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடாமல் அதன் வெளியே விழுதல் வேண்டும், ஏனெனில் காயம் மூடுவது அத்தடிப்பிலிருந்தே தொடங்குகிறது. இறக்கும் கயிற்றைக் கையால் மட்டும் பிடிப்பது கூடாது. அதை மேலே ஒரு வலிய கவையின் வழியே செலுத்தி, கீழே அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், உராய்வே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ள, ஓர் ஆள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கலாம். அடிமரத்தைச் சாய்க்க இடம் கிடைக்கும் அரிய வேளையில், சாயும் பக்கத்தில் விட்டத்தின் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் திறந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். அந்த ஒரு பங்கே கதவுக் கீலாக இருந்து மரத்தை உரிய பக்கம் திருப்புகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும்.

செயின் சா எனப்படும் பெட்ரோல் சங்கிலிவாள் வந்தபின் வேலை விரைந்தது, காயங்களின் தன்மையும் மாறியது. வாளின் மூக்கு நுனியின் மேற்பாதி எதிர்பாராமல் ஒரு கிளையில் பட்டால் வாள் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். மரத்தின் மீது நின்று ஒற்றைக் கையால் அதை இயக்கும் துணிச்சல் இத்தொழிலில் மிகுதியாகப் பாராட்டப்படுவதும் மிகுதியாக ஆபத்து விளைவிப்பதும் ஆகும். தொங்கு கிளைக்குக் கைவாளே போதும். விழுந்து கிடக்கும் மரத்தில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்: வேரோடு பெயர்ந்து படுத்த மரத்தின் அடியை அறுத்தவுடன், அதுவரை அதன் எடையால் நிமிர்ந்து நின்ற வேர்த்தட்டு சட்டென்று பழைய குழிக்குள் திரும்பி விழக்கூடும் என்பதால், வேர்த்தட்டின் பின்னால் யாரையும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை, நிற்க விடலாகாது.

மின்சாரம் பற்றிய பகுதியில் இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தெருவின் மேல்நிலைக் கம்பிகளுக்கு அருகே வேலை என்றால், மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து லைன் கிளியர் பெறுதல், அதாவது குறித்த நேரத்துக்கு மின்னோட்டத்தை நிறுத்தி வேலைக்கு ஒப்புதல் பெறுதல், எல்லோரும் அறிந்த நடைமுறை. புயல் நாட்களில் மட்டும், தெரு மின்சாரம் நின்றிருந்தும், ஏதோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் தவறான இணைப்பால் கம்பிக்குள் எதிர்ப்புறமாக மின்சாரத்தைச் செலுத்தலாம் என்ற நினைவு கூடுதலாக வேண்டும். ரயில்பாதை ஓரத்து மரமோ வேறு வகை. பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தம் உள்ளது. அதன் 2 மீட்டர் எல்லைக்குள் உடலோ கருவியோ ஈரக் கிளையோ போகக்கூடாது என்பது ரயில்வேயின் பாதுகாப்பு வரம்பு, ஏனெனில் அவ்வழுத்தத்தில் தொடாமலே மின்சாரம் பாயும். மதிலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் கிளை மதிலுக்குள் நீண்டிருந்தால், அந்தக் கிளை வீட்டுக்காரருடையது என்ற வாதம் மேலே ஏறிய ஆளைக் காப்பாற்றாது. ரயில்வேக்குத் தெரிவித்து, அவர்கள் மின்னோட்டத்தையும் வண்டி ஓட்டத்தையும் நிறுத்தித் தரும் இடைவேளையில் அவர்களின் ஆட்கள் முன்னிலையில் மட்டுமே செய்யத்தக்க வேலை அது. அவ்வளவு காத்திருக்க வாடிக்கையாளர் மனமில்லாதவராயின் வேலையையே விட்டுவிடுவது சரி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலும் மணலித் தொழிற்சாலைகளிலும் கிடைக்கும் வேலை நல்ல கூலி தருவது. ஆனால் எரிபொருள் ஆவி இருக்கக்கூடிய பகுதிகளில் பெட்ரோல் வாளின் பொறியே தீக்குக் காரணமாகலாம் என்பதால் தனி அனுமதிச்சீட்டு இன்றி அதை உள்ளே கொண்டுசெல்ல இயலாது, கோடரியும் கைவாளும் எடுத்துக்கொண்டு கூடுதல் நாட்களைக் கணக்கிட்டே விலை கொடுக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் குழப்பம் மிகுதி. மகாராட்டிரம் 1975இலும், கர்நாடகம் 1976இலும், டெல்லி 1994இலும் மரப் பாதுகாப்புக்கெனச் சட்டங்கள் இயற்றின. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டமோ மலைப்பகுதி மரங்களுக்கே உரியது. சென்னையில் பொது இடத்து மரம் மாநகராட்சிப் பூங்காத் துறையின் பார்வைக்கும் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதலுக்கும் உட்பட்டது. வீட்டு முன்னால் உள்ள நடைபாதை மரத்தை வீட்டுக்காரர் தம்முடையதென்று உறுதியாகச் சொல்வார். நட்டவர் அவராகவே இருக்கலாம், நீரூற்றியவரும் அவராகலாம், இடம் மட்டும் அவருடையதன்று. மதிலுக்கு உள்ளா வெளியா என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், வளாகத்துக்குள் இருந்தாலும் உரிமையாளரின் எழுத்துமூலக் கோரிக்கையைப் பெற்று மண்டல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதும், வேலை நாளில் அக்காகிதங்களைக் கையில் வைத்திருப்பதும் சிறுதொழில் நடத்துவோருக்கு நல்ல காப்பு. தெருவில் யாரேனும் புகார் செய்து காவலர் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவதுண்டு. மரத்தின் மேல் நிற்பவர் போக இயலாது.

காகிதத்தில் அடங்காத அனுமதி ஒன்றும் உண்டு. மஞ்சள் துணி சுற்றிய வேம்பும், நாகர் கல் வைத்த அரசும், முனீஸ்வரர் குடியிருப்பதாக நம்பப்படும் மரமும் வடசென்னையில் ஏராளம்; உத்தரவு இருந்தாலும் தெருப் பெரியவர்களின் இசைவின்றி அவற்றைத் தொட முற்பட்டால், எதிர்ப்பு வருமுன்னரே ஏற வேண்டிய ஆள் பின்வாங்கிவிடுவார். பூசையையும், தெய்வத்தை வேறிடம் மாற்றும் பொறுப்பையும் தெருவார் ஏற்றுக்கொண்ட பிறகு தேதி குறிப்பதே முறை. அதற்காகும் செலவை வாடிக்கையாளரிடம் முன்னரே சொல்லிவிடுவதும் முறையே.

கொண்டித்தோப்பு, சௌகார்பேட்டைப் பகுதிகளின் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றும் ஆலங்கன்றும் நிரந்தர வேலை தருபவை. வெட்டினால் மீண்டும் தழைக்கும், இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். கொத்தனாரைக் கூட வைத்துக்கொண்டு, காரையைக் கொத்தி வேரைச் சிறு சிறு துண்டாக எடுத்து, அன்றே பூசி மூடுவதே வழி. மரம் வெட்டுபவர் தனியாக ஏற்கத்தக்க வேலை அன்று இது.

இறக்கிய மரம் எங்கே போகிறது என்பதில்தான் சிறிது லாபம் இருக்கிறது, எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. வாடிக்கையாளர்கள் பலர் மரத்தை விற்றே கூலியை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். தெரு மரத்துக்கு அறுப்பு மில்லில் மதிப்புக் குறைவு என்பதற்கு வலுவான காரணம் உண்டு: விளம்பரப் பலகைக்கும் கேபிள் கம்பிக்கும் சீரியல் விளக்குக்கும் அடித்த ஆணிகள் காலப்போக்கில் மரத்துக்குள் மூடப்பட்டுவிடுகின்றன, ஓர் ஆணி போதும் மில்லின் வாளைக் கெடுக்க. வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அருகே இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம்; இது சங்கிலிவாளுக்கும் எச்சரிக்கை. நேரான வேப்ப மரமும் பூவரசும் மரவாடிக்கும், தூங்குமூஞ்சி முதலியன பெட்டி செய்வதற்கும், எஞ்சியவை விறகுத்தொட்டிக்கும் போகின்றன. விறகடுப்பில் பிரியாணி சமைப்போர் சவுக்கையும் புளியையுமே விரும்புவதால், ஈரத் தூங்குமூஞ்சிக்கு விறகுத்தொட்டியில் எடைக்குக் கிடைக்கும் தொகை வண்டி வாடகையை ஈடுகட்டினாலே போதும் என்ற நிலை. தழை இன்னொரு தொல்லை: எடை குறைவு, இடம் அதிகம். அரசிலை போன்றவற்றை ஆடு வளர்ப்போர் கொண்டுபோவார்கள். மற்றவற்றைத் தெருவில் கொளுத்துவதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுப்பதோடு, தோட்டக் கழிவைத் தனியே வைத்து உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் ஒப்படைக்கவும் பணிக்கின்றன. மரம் யாருக்கு, தழையை யார் எடுப்பது, அடிக்கட்டையைத் தோண்டுவதா தரை மட்டத்தில் அறுத்துவிடுவதா என்ற மூன்றையும் முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொண்டால் பின்னர் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை எழா. அடிக்கட்டை தோண்டுவதைப் பொறுத்தவரை, அதன் வேர்களுக்கிடையே புதைவடமும் குடிநீர்க் குழாயும் போயிருக்கக்கூடிய நடைபாதையில் ஒப்புக்கொள்ளாமலிருப்பதே மேல்.

கையாட்கள் பற்றி எழுதும்போது கூலி, பேட்டா என்பவற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். உண்மையில் சட்டம் இத்தொழிலை ஆபத்தான தொழில்களுள் ஒன்றாக நெடுங்காலமாகவே கருதிவந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பனையேறுதலோடு மரம் வெட்டுதலும் இடம்பெற்றிருந்தது. ஆகவே நான்கு பேரை வைத்து நடத்தும் மேஸ்திரியும் விபத்து நேர்ந்தால் முதலாளியாகவே கருதப்படக்கூடும். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நலவாரியத்தில் ஆட்களைப் பதிவு செய்வித்தலும், 18 முதல் 70 வயதுவரை உள்ளோருக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கின் வழியே சேர்த்தலும் குறைந்தபட்சக் கடமைகள். இவை போதுமானவை என்று சொல்லுதற்கில்லை. மது அருந்திய வாடையோடு காலையில் வருபவரை அன்று கயிற்றுப் பக்கம் கூட நிறுத்தக்கூடாது என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பது காப்பீட்டைக் காட்டிலும் பயன்தரும், கடைப்பிடிக்க அதைக் காட்டிலும் கடினமானதும் ஆகும்.

வருவாய் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குவிந்து, கோடையில் வற்றுகிறது. புயல் வாரத்தில் வரும் அழைப்புகளையெல்லாம் ஏற்றுக்கொள்வதும், தெரிந்தவர்களின் வாளையும் ஆளையும் இரவல் வாங்கி வேலையைப் பெருக்குவதும் தூண்டுதல் மிக்கவை. தூங்காத ஆட்களும் மழுங்கிய சங்கிலியும் சேரும் நாட்களும் அவையே. அதற்கு மாறாக ஆடி, ஆவணியில் பள்ளிகள், கிடங்குகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றை அணுகி மழைக்கு முன் கிளை கழிக்கும் ஆண்டு ஒப்பந்தம் பெற்றுக்கொள்பவர்களுக்கு வருவாய் பரவலாகக் கிடைக்கிறது. நிறுவனங்களின் பட்டியல் தொகை தாமதமாகவே வரும் என்பதால் இரண்டு மாதக் கூலிக்கான பணத்தைக் கையிருப்பாக வைத்திருந்தாலொழிய அதிலும் இறங்கலாகாது. வேலை குறைந்த கோடை மாதங்கள் கருவிகளுக்கு உரியவை. சங்கிலிப் பற்களை அரத்தால் ஒரே அளவாகத் தீட்டுவதும், கயிறுகளை அடி அடியாகக் கையால் தடவி இழை அறுந்த இடத்தையும் வெயிலில் வெளுத்து விறைத்த பகுதியையும் கண்டறிவதும் அப்போது செய்யத்தக்கவை. கழித்த கயிற்றை முழு நீளத்தில் கொட்டகையில் போட்டுவைக்கக்கூடாது. அன்றே இரண்டு முழத் துண்டுகளாக வெட்டி, விறகுக் கட்டுக்கு மட்டும் பயன்படுமாறு செய்துவிட வேண்டும், இல்லையேல் அடுத்த புயலின் அவசரத்தில் யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மரமேறிவிடுவார்.